அப்பா வந்து போனார். அவரிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: கேரளத்தில் பாறசாலைப் பக்கம் வசிக்கிறேன். வயது 36. நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிறந்த வீடு குமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்) சபைக் குடும்பம். அப்பா ரப்பர் பால் வெட்டி எங்களை வளர்த்தவர். லத்தீன் கத்தோலிக்கரான ஒரு மலையாளியை நான் விரும்பிக் கல்யாணம் செய்ததால் ஒன்பது வருஷமாக என் வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. அம்மா இறந்த வீட்டில்கூட என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

போன டிசம்பரில் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் லீவு விட்டதும், ஒரு மட்டி வாழைக் குலையும் கொஞ்சம் மரச்சீனிக் கிழங்குமாக முன்கூட்டிச் சொல்லாமல் வந்து இறங்கினார். பத்து நாள் இருந்தார். 24-ஆம் தேதி எனக்கு நைட் டியூட்டி. என் கணவரோடும் பிள்ளைகளோடும் நள்ளிரவுப் பூசைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். மலையாளப் பள்ளியில் படிக்கிற என் மகனுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்து, 23-ஆம் சங்கீதத்தை எழுத்துக்கூட்டி வாசிக்க வைத்துவிட்டார். வருஷக்கடைசி ஆராதனைக்குத் தன் சபையில் இருக்க வேண்டும் என்று 31-ஆம் தேதி காலையில் கிளம்பிவிட்டார்.

நான் எங்கள் பங்குக் கோவிலில் நன்றிப் பூசைக்குக் காணிக்கை கொடுத்தேன். பிறகு அண்ணன் போனில் சொன்னான், 'மகள் வீட்டில் தங்கி நலமாய்த் திரும்பியதற்காக' என்று அப்பாவும் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாராம். கேட்டதும் அழுதுவிட்டேன். ஆனால் எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு வார்த்தை இல்லை. பெற்ற அப்பாவிடம் போய் எப்படி நன்றி சொல்வது? 'இங்கே கோபித்துக்கொண்டுதான் அங்கே வந்தார்' என்கிறார் அண்ணி. அவர் போன பிறகு எனக்குள் பழைய கோபம் வேறு பொங்குகிறது. நன்றியும் கோபமும் ஒரே மனதில் இருந்தால் அது என்ன விசுவாசம்? 'எல்லாம் தெய்வ கிருபை, இனிக் கிளறாதே' என்கிறார் கணவர். அப்பாவை இங்கேயே கூட்டி வந்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது அந்தக் காணிக்கைச் செய்தியைத்தான். நீங்கள் பங்குக் கோவிலில் கொடுத்தீர்கள், அப்பா தன் சபையில் கொடுத்தார். தகப்பனுக்காக மகளும் மகளுக்காகத் தகப்பனும் கடவுளிடம் சொல்லியாயிற்று. இருவரும் ஒரே காரியத்தைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். நடுவில் மாநில எல்லையில் களியக்காவிளையில் ஒரு பஸ் மாறுகிற தூரம்தான். கடவுளிடம் சொன்னதை ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியது மட்டும் பாக்கி. அதனால் நீங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். சொல்ல வேண்டியது ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் அந்தக் கோபத்தைப் பற்றிப் பேசிவிடுவோம், அது உங்களை அதிகம் பயமுறுத்துகிறது என்று நினைக்கிறேன். ஒன்பது வருஷம் அவர் வராமல் இருந்தபோது நீங்கள் எப்படியோ சமாளித்துக்கொண்டீர்கள். வேலை, பிள்ளைகள், வீட்டுக்கடன் என்று நாள் ஓடியது. வந்த பிறகுதான் இத்தனை வருஷம் இழந்தது என்ன என்பது கண்ணுக்கு நேரே தெரிந்தது. அவர் மடியில் உங்கள் மகன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறீர்கள். இது ஐந்து வருஷத்துக்கு முன்பே நடந்திருக்கலாமே, அம்மா இருக்கும்போதே நடந்திருக்கலாமே என்று அந்த நிமிஷமே மனது கணக்குப் போடுகிறது. பிரிந்தவர்கள் சேர்ந்த பிறகு கோபம் கூடுவதை என் வேலையில் பல குடும்பங்களில் பார்க்கிறேன். அதற்குப் பயப்பட வேண்டாம். பாதுகாப்பு வந்துவிட்டது என்று மனதுக்குத் தெரிந்தால்தான் அது பூட்டி வைத்ததைத் திறக்கும். உங்கள் நன்றி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை.

விசுவாசத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 13-ஆம் சங்கீதத்தை இன்று ராத்திரி வாசியுங்கள், ஆறே வசனம்தான். 'எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று கடவுளிடமே முறையிட்டுத் தொடங்குகிறது. அதே வாய் ஆறாம் வசனத்தில் அவர் செய்த நன்மைக்காகப் பாடுகிறது. முறையீட்டை அழித்துவிட்டுத்தான் பாட வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே ஜெபத்தில் நிற்கின்றன. உங்களிடமும் நிற்கலாம்.

'தெய்வ கிருபை' என்று உங்கள் கணவர் சொல்வதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஒன்பது வருஷம் அவரும் அவமானப்பட்டவர். மாமனார் வாசலில் வந்து நின்றபோது ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே அழைத்து, கோவிலுக்கும் தன்னோடு கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அதற்காக அவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. சொல்லாவிட்டால் இன்றே சொல்லுங்கள். ஆனால் கிருபை என்று சொன்னதோடு மனிதருக்குச் சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது என்று அவர் நினைத்தால் அதை நான் ஏற்கமாட்டேன். கிருபை பஸ் ஏறி வரவில்லை. முழங்கால் வலியோடு, தோளில் குலையைச் சுமந்து, 'இந்த வாசலில் எப்படிப் போய் நிற்பது' என்று வழியெல்லாம் யோசித்து ஏறி வந்தது உங்கள் அப்பா. அவரைக் கிளப்பியது கடவுள் என்று நீங்கள் நம்பலாம், நானும் நம்புகிறேன். கிளம்பியவருக்கும் ஒரு சொல் போய்ச் சேர வேண்டும்.

இதற்கு அழகான ஒரு வழி பவுலிடம் இருக்கிறது. பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். 'உங்களை நினைக்கும்போதெல்லாம் என் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்' என்ற பொருளில் அவர்களுக்கே எழுதுகிறார். நன்றி போவது கடவுளுக்கு. ஆனால் அது அவர்கள் காதில் விழும்படி சொல்கிறார். உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. நேராக முகத்தைப் பார்த்துப் புகழ்ந்தால் அவர் எழுந்து கிணற்றடிப் பக்கம் போய்விடுவார். நம் பக்கத்துப் பெரியவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். பிள்ளைகளுக்காக எல்லாம் செய்வார்கள், பிள்ளைகள் அதை வாயால் சொன்னால் தாங்கமாட்டார்கள். ஆனால் ஜெபம் அவர்களுக்குப் பழகின மொழி. அறுபது, எழுபது வருஷமாக அந்தி நேரத்துக் குடும்ப ஜெபத்தில் உட்கார்ந்தவர்கள். அடுத்த முறை அவரோடு உட்காரும்போது நீங்களே ஜெபம் பண்ணுங்கள். 'ஆண்டவரே, அப்பா எங்கள் வீட்டுக்கு வந்து எங்களோடு கிறிஸ்துமஸ் கொண்டாடியதற்காக ஸ்தோத்திரம். நான் டியூட்டியில் இருந்த ராத்திரி என் பிள்ளைகளோடு அவர் கோவிலுக்குப் போனதற்காக ஸ்தோத்திரம். பிள்ளைக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்ததற்காக ஸ்தோத்திரம்.' இவ்வளவு போதும். அவர் பதில் பேச வேண்டியதில்லை, ஆமென் சொன்னால் போதும்.

ஒரு எச்சரிக்கை. ஜெபத்துக்குள் குத்தல் வைக்காதீர்கள். 'அப்பாவின் கடினமான இருதயத்தை மாற்றினீரே' என்று ஒரு வரி உள்ளே வந்தால் எல்லாம் கெட்டுப்போகும். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவரால் பதில் சொல்லவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. பல வீடுகளில் மாமியார் மருமகள் சண்டைகூட இப்படி ஜெபத்துக்குள் நடக்கிறது. எனக்கு அது மிகவும் வருத்தமான விஷயம்.

கடவுளிடம் சொல்லும் சாக்கில் மட்டும் நிறுத்தாமல், அவர் கையிலும் ஒன்று கொடுங்கள். ஒரு கடிதம். மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2005-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தனக்கு நல்லது செய்தும் சரியாக நன்றி சொல்லப்படாத ஒருவருக்குக் கடிதம் எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். அப்படிக் கடிதம் கொடுத்தவர்களுடைய மகிழ்ச்சி கூடியது, மனச்சோர்வு குறைந்தது. அந்தப் பலன் ஒரு மாதம் வரை தெரிந்தது, அதற்குப் பிறகு நிற்கவில்லை. எனவே ஒரு தடவை சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் போதும் என்று நினைக்க வேண்டாம். 2018-இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. நன்றிக் கடிதம் எழுதியவர்கள், 'வாங்குகிறவர் சங்கடப்படுவார்' என்று உண்மையில் நடந்ததைவிட அதிகமாகப் பயந்தார்கள். வாங்கியவர்கள் அடைந்த சந்தோஷத்தையோ குறைவாக மதிப்பிட்டிருந்தார்கள். 'அப்பாவிடம் போய் எப்படி' என்ற உங்கள் தயக்கமும் இதே வகைதான்.

ஆனால் செலிக்மன் சொன்னபடி எதிரில் உட்கார்ந்து உரக்க வாசித்துக் காட்ட வேண்டாம். அது அமெரிக்காவில் சரிப்படலாம், அருமனைத் திண்ணையில் உங்கள் அப்பாவுக்கு அது தண்டனை. அவர் தமிழ் வேதாகமம் வாசிக்கிறவர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஒரு பக்கம் தமிழில் எழுதி அவர் வேதாகமத்துக்குள் வைத்துவிட்டு வாருங்கள். விடிகாலையில் தனியாக வாசிப்பார், வாசித்ததாகச் சொல்லமாட்டார். உங்கள் மகன் கற்ற எழுத்தில் அடியில் ஒரு வரி எழுதட்டும், பிழையோடு இருந்தாலும் திருத்தாதீர்கள்.

கடிதத்தில் என்ன எழுதுவது என்று தடுமாறினால், அவர் செய்ததை எழுதுங்கள். 'நீங்கள் நல்ல அப்பா' என்ற பொது வரி வேண்டாம். அவர் நம்பமாட்டார். அந்தக் கடைசி பெஞ்சை எழுதுங்கள். வாழ்நாள் முழுவதும் சி.எஸ்.ஐ. சபையில் நற்கருணை வாங்கிய ஒரு மனிதர், கத்தோலிக்கர் அல்லாத தான் வாங்க முடியாத பந்தி நடக்கிற இடத்தில், நடுராத்திரியில், மலையாளத்தில் நடக்கிற பூசையில், பேரப்பிள்ளைகளுக்காக உட்கார்ந்திருந்தார். எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது அவர் மட்டும் பெஞ்சில். உங்கள் அருமனைப் பக்கத்து விளவங்கோட்டில் ஒரே ஊருக்குள் சி.எஸ்.ஐ., ஆர்.சி., இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என்று நாலு கூரை இருக்கும். பெண் கொடுக்க எடுக்க மட்டும் நடுவில் மதில். அதற்குள் வளர்ந்த ஒரு தகப்பனுக்கு அந்த பெஞ்ச் எவ்வளவு தூரம் என்று நமக்குத் தெரியும். அவர் மன்னிப்பு என்று வாயால் சொல்லவில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்தார்.

தமிழ் எழுத்தையும் எழுதுங்கள். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்தது, பாறசாலை நெய்யாற்றின்கரைத் தாலுகாவோடு கேரளத்தில் நின்றது. அதற்கு முன்னே இரண்டும் திருவிதாங்கூர்-கொச்சி என்ற ஒரே மாநிலம். உங்கள் அப்பா தலைமுறையின் சிறுவயதில்தான் அந்தக் கோடு விழுந்தது. பேரன் அந்தப் பக்கம் வளர்கிறான், தாத்தா வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற வாக்குத்தத்த வசனத்தை அவனால் வாசிக்க முடியாது. பத்து நாளில் அதை வாசிக்கும்படி செய்துவிட்டுப் போயிருக்கிறார். 'இவன் என் பேரன்' என்று அவர் சொன்ன விதம் அது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

இனி அந்த ஒன்பது வருஷம். அதைப் பேச உங்களுக்கு உரிமை உண்டு. 'கிளறாதே' என்பதை நான் சொல்லமாட்டேன். ஆனால் நன்றி சொல்கிற நாளில் பேசாதீர்கள். 'வந்தது சந்தோஷம் அப்பா, ஆனால்...' என்று தொடங்கினால் அந்த 'ஆனால்' மட்டும்தான் அவர் மனதில் தங்கும். நன்றி தனியாகப் போய்ச் சேரட்டும். சில மாதம் கழித்து, நாலைந்து தடவை போக்குவரத்து ஆன பிறகு, அவரோடு தனியாக நடக்கும்போதோ வேலை செய்யும்போதோ ஒரே ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். 'அம்மா போனப்போ நீங்க என்கிட்ட பேசலையே அப்பா, அது இன்னும் வலிக்குது.' சொல்லிவிட்டு நிறுத்துங்கள். விளக்கமும் தீர்ப்பும் கேட்காதீர்கள். அவர் எதுவும் பேசாமலும் இருக்கலாம். அதற்கும் மனதைத் தயார் செய்துகொண்டு பேசுங்கள்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று. அடித்தவர், சிதைத்தவர், இன்றும் மிரட்டுகிறவர் தகப்பனாக இருந்தால் இந்த ஆலோசனை அவர்களுக்கு அல்ல. தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்ற வேதக் கட்டளை, காயத்தை மூடி மறைக்கச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவர்கள் முதலில் தங்கள் பாதுகாப்பைப் பார்க்க வேண்டும். இந்தச் சகோதரியின் அப்பா பிணங்கி விலகி நின்றவர். அது வேறு.

அப்பாவை இங்கேயே கூட்டி வந்துவிடலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில் மோசேயைப் பார்க்க அவருடைய மாமனார் எத்திரோ வனாந்தரத்துக்கு வருகிறார். மோசே எதிர்கொண்டு போய் வணங்கி, முத்தமிட்டு, சுகம் விசாரித்து, நடந்ததையெல்லாம் சொல்கிறார். மாமனார் கேட்டுச் சந்தோஷப்படுகிறார், கடவுளுக்குப் பலி செலுத்துகிறார், மருமகன் படும் பாட்டைப் பார்த்து நல்ல யோசனையும் சொல்கிறார். கடைசி வசனத்தில் மோசே அவரை அனுப்பிவைக்கிறார், அவர் தன் சொந்த ஊருக்குப் போய்விடுகிறார். யாரும் யாரையும் பிடித்து வைக்கவில்லை. உங்கள் அப்பாவுக்கும் ஊர் இருக்கிறது. அவர் சபை, அவர் மரங்கள், உங்கள் அம்மாவின் கல்லறை எல்லாம் அங்கே. 31-ஆம் தேதி அவர் கிளம்பியது உங்கள் மேல் குறையால் அல்ல. அந்த ராத்திரி அவர் எங்கே உட்கார வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

கூப்பிடுவதற்குப் பதில் நீங்கள் போங்கள். கேரளத்தில் பள்ளி ஏப்ரல், மே இரண்டு மாதமும் லீவு. பிள்ளைகளை ஒரு வாரம் தாத்தாவிடம் விடுங்கள். அதுவரை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட்டு உட்காரும் நேரத்தில் மகனைப் போனில் பேசச் சொல்லுங்கள், தமிழில் ஒரு வசனம் வாசித்துக் காட்டட்டும். பண்டிகை முடிந்து வருகிற ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் மனைவியை இழந்த வயதானவர்களுக்கு மிகவும் வெறுமையாக இருக்கும்.

அண்ணன் வீட்டில் கோபித்துக்கொண்டுதான் வந்தார் என்று அண்ணி சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். இருக்கட்டும். கோபித்துக்கொண்ட மனிதர் போவதற்கு எத்தனையோ இடம் உண்டு, அவர் உங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்தார். காரணம் எதுவானாலும் பத்து நாள் தங்கியது அவருடைய விருப்பம். அண்ணன் வீட்டில் அவருக்கு உண்மையிலேயே குறை இருக்கிறதா என்பதை நீங்கள் மருந்து, சாப்பாடு, தூக்கம் என்று நர்ஸ் கண்ணோடு விசாரித்தாலே தெரிந்துவிடும். ஒருவேளை பெரிய பிரச்சினை என்றால் முதியோருக்கான 14567 என்ற இலவச உதவி எண் உண்டு. பெற்றோரைக் காக்கும் கடமை மகனைப் போலவே மகளுக்கும் உண்டு என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. எனக்கு இங்கே அப்படி எதுவும் தெரியவில்லை.

எனக்குத் தெரிவது அண்ணியின் மனசுதான். இந்த ஒன்பது வருஷமும் அப்பாவுக்கு மூன்று வேளையும் சோறு போட்டு, துணி துவைத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அவர். அதற்காக எந்தச் சபையிலும் யாரும் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு, அதன் காரணத்தை ஆராதனையில் வாசிக்கவில்லை. பத்து நாள் உங்கள் வீட்டில் தங்கியதற்கு வாசித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டிருப்பார். அவர் சொன்ன அந்த வார்த்தையில் இந்த வலியும் கலந்திருக்கும். அப்பாவுக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்னாலேயே அண்ணிக்குப் போன் செய்யுங்கள். 'அப்பா இந்த வயசிலயும் தெம்பா பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாருன்னா, நீங்க பாத்துக்கிட்டதாலதான் அண்ணி' என்று சொல்லுங்கள். முதல் தடவை அவர் பேச்சை மாற்றினால் அடுத்த வாரம் மறுபடியும் சொல்லுங்கள்.